யார் கணக்கிலும் வராத முக்கோணம்

தென்காசிப் பக்கம் கூரை போட நினைக்கிறவன், காசை எண்ணுவதற்கு முன்னால் காற்றை விசாரிக்க வேண்டும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் சற்றே தாழ்ந்து வழி விடுகிறது. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் மேகாத்து அந்த வழியாகத்தான் ஊருக்குள் இறங்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அதன் பெயர் சீசன். ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அது ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம்.

அந்தக் காற்றுக்கும் சாரலுக்கும் எங்கள் ஊர் கண்ட வழி, இருபுறமும் சரியும் கூரை. நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு, இரண்டு கோடியிலும் முக்கோணமாக ஒரு சுவர். 'ஒரு வீடு வரை பார்ப்போம்' என்றால், அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த குழந்தைகூட இந்த வடிவத்தைத்தான் வரைகிறது. வரைந்துவிடலாம். அதற்கு என்ன செலவாகும் என்று சொல்வதுதான் பெரும்பாடு. என் அப்பா காலத்து ஆசாரி அதைப் பலகையில் பென்சிலால் சொன்னார். என் காலத்து இன்ஜினியர் தம்பி கம்ப்யூட்டரில் தட்டிச் சொன்னார். இரண்டு பேரின் கெட்டிக்காரத்தனத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுதிய வரிகள் எல்லாம் சரிதான். எழுதாமல் விட்ட வரிகளுக்குத்தான் பணம் போனது.

அப்பா வீடு கட்டியது 1972-ல். சுவர் மட்டத்துக்கு வந்ததும் மர ஆசாரிக்கு ஆள் போயிற்று. காதில் பட்டைப் பென்சில், கையில் முழக்கோல், கடைவாயில் வெற்றிலை. வந்தவர் யாரிடமும் பேசாமல் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "முகடு தெக்கு வடக்கா ஓடணும் அண்ணாச்சி. மேகாத்துக்குச் சரிவைக் காட்டணுமே தவிர முக்கோணத்தைக் காட்டப்படாது. சரிவுல பட்டா மேல ஏறிப் போயிரும்."

"அது இருக்கட்டும் ஆசாரியாரே, எவ்வளவு ஆகும்?" என்றார் அப்பா.

"போட்டுருவோம்" என்று ஆசாரி ஒரு பலகையை இழுத்துப் போட்டார். சாரத்துக்கு அடியில் கிடந்த அயினிப் பலகை. அதைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது.

வீடு குறுக்கே 20 அடி, நெடுக்கே 30 அடி. முகடு நடுவில் வருவதால் ஒரு பக்கத்துக்கு அகலம் பத்தடி. உயரம் ஏழரை அடி. பத்துக்கு ஏழரை ஏற்றினால் தண்ணீர் ஓட்டில் நிற்காது என்றார். இனி சரிவின் நீளம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்போதுதான் பைதாகரஸ் அறிமுகமாகியிருந்தார். வர்க்கம், கூட்டல், வர்க்கமூலம் என்று அரைப்பக்கம் போகும் சமாசாரம். ஆசாரி அந்த வழிக்கே போகவில்லை. நெடும்பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளு, குறும்பக்கத்தில் பாதியைச் சேர். பத்தில் அது போக எட்டே முக்கால். ஏழரையில் பாதி மூணே முக்கால். ஆகப் பன்னிரண்டரை. நான் போட்டுப் பார்த்தபோதும் பன்னிரண்டரைதான் வந்தது.

இந்தச் சூத்திரம் எல்லாச் சரிவுக்கும் இப்படிக் கச்சிதமாக வராது என்று பிற்பாடு போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பத்துக்கு ஐந்து ஏற்றினால் சரியான நீளத்தைவிட முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டும். பத்துக்குப் பத்து என்று நிமிர்த்தினால் கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் குறைத்துக் காட்டும். ஆனால் ஆசாரி எந்த வீட்டுக்கும் பத்துக்குப் பத்து ஏற்றியதில்லை. மரம் கூடினால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. ஆகவே பிசகு வந்தாலும் அறுக்கக்கூடிய பக்கமாகவே வரும்படி பார்த்துக்கொண்டார்.

சரிவு பன்னிரண்டரை; இறவாரம் சுவரைத் தாண்டி இன்னும் இரண்டரை அடி இறங்க வேண்டும்; மொத்தம் 15. நெடுக்கே இரண்டு கோடியிலும் ஒவ்வோர் அடி வெளியே நீட்டினால் 32. பதினைந்தை முப்பத்திரண்டால் பெருக்கி, இரண்டு சரிவுக்கும் சேர்த்தால் 960 சதுர அடி. அப்பா பலகையை எட்டிப் பார்த்தார். "நான் கட்டினது அறுநூறுல்லா?"

"நீங்க தரையைச் சொல்லுதிய அண்ணாச்சி. நான் மானத்தைச் சொல்லுதேன்."

கூரைச் செலவின் முதல் பாடம் அந்த ஒரு பதிலில் இருந்தது. தரையை அளந்து கூரைக்கு விலை பேசுகிறவன் எங்கேயாவது ஓரிடத்தில் மீதிச் சதுர அடிகளைச் சந்தித்தே தீர வேண்டும்.

ஓட்டுக் கணக்குக்கு ஆசாரி பென்சிலைக்கூட எடுக்கவில்லை. நூறு சதுர அடிக்கு 140 ஓடு. 960-க்கு 1344. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1411. "ஆயிரத்தைந்நூறா எறக்கிருங்க. மிச்சம் கெடந்தா பின்னால மாத்துறதுக்கு ஆவும்." ரீப்பருக்கு அவரிடம் இன்னும் சுருக்கமான கணக்கு இருந்தது: கூரை எத்தனை சதுர அடியோ, ரீப்பர் அத்தனை அடி. ஏனென்றால் ஓட்டின் குமிழ் மாட்டிக்கொள்ள ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு வரிசை ரீப்பர் வேண்டும். ஒரு சரிவுக்குப் பதினைந்து வரிசை, வரிசைக்கு 32 அடி, இரண்டு சரிவு: 960. கைமரம் இரண்டடிக்கு ஒன்று. பக்கத்துக்குப் பதினேழு, மொத்தம் 34. முகட்டுக்கு ஒன்றேகால் அடிக்கு ஒரு மோட்டு ஓடு, 26.

ஓடு கொல்லத்து ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில், நேத்ராவதி ஆற்றின் களிமண்ணை நம்பித் தொடங்கிய தொழில் இது. ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஓடு; காரை பூச வேண்டியதில்லை. மேற்குக் கரை நெடுக இந்தச் சூளைகள் பரவிக் கொல்லம் வரைக்கும் வந்திருந்தன. 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்துக்கு மங்களூர் ஓடு என்றால் கொல்லத்து ஓடுதான். வைக்கோல் திணித்த வேகனில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஏறும். இறக்கும்போது ஆசாரி ஒவ்வோர் ஓட்டையும் விரல் மடக்கித் தட்டுவார். கணீரென்றால் வலது பக்கம், மொட்டென்றால் இடது பக்கம். இடது பக்கம் போனவை எண்ணிக்கையில் வராது.

பலகையின் அடியில் மொத்தம் விழுந்தது: மூவாயிரம் ரூபாய். ஓடு, வண்டிச் சத்தம், ஆணி, அறுப்புக் கூலி, ஆசாரி கூலி, கையாள் கூலி. அப்பா அந்தத் தொகையை நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று.

அந்தப் பலகையில் இல்லாதவற்றைச் சொன்னால்தான் அந்தக் காலத்துச் செலவு புரியும். 34 கைமரத்துக்கும் வைரம் பாய்ந்த பனை வேண்டும். ஒரு மரத்துக்கு நாலு கை தேறும் என்பது ஆசாரி கணக்கு. ஒன்பது பனை எங்கள் விளையிலேயே நின்றன. நம் மரத்துக்கு நாம் என்ன விலை போடுவது? எனவே அது பலகையில் ஏறவில்லை. உத்திரத்துக்கு வேங்கை மாமா வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. மாமாவிடம் விலை கேட்க முடியுமா? அதுவும் ஏறவில்லை. மறு வருஷம் மாமா மகள் கல்யாணத்துக்கு அப்பா செய்த செய்முறையில் அந்த வேங்கையின் விலையும் வட்டியும் சேர்ந்து போயின. ஆனால் அது கல்யாணச் செலவு. வேலை முடியும் வரைக்கும் ஆசாரிக்கும் ஆட்களுக்கும் மத்தியானச் சோறு எங்கள் வீட்டில். வளை ஏற்றிய அன்றைக்கு வேட்டி, துண்டு, தேங்காய் பழம், தட்டில் காணிக்கை. அது சாமி காரியம். கணக்கில் எழுதினால் குற்றம்.

வேலை பாதியில் நின்றபோது ஒரு தகராறு வந்தது. ரீப்பர் ஆணி பலகையில் சேர்ந்ததா, சேரவில்லையா? "பலகையைக் கொண்டாங்க, பாத்துருவோம்" என்றார் அப்பா. பலகையைத் தேடினோம். அடுக்களைப் பரணில் மூன்றாவது பலகையாக அது அறைந்து முடிந்திருந்தது, எழுத்துப் பக்கம் மேலே பார்க்க. ஆசாரிக்குப் பலகை என்றால் பலகைதான். அதில் எழுதியிருப்பதெல்லாம் எழுதியபோதைக்கு. மதிப்பீடு வீட்டின் ஓர் உறுப்பாகிவிட்டதால் மேற்கொண்டு வழக்கு நடக்கவில்லை. ஆணி அப்பா பையிலிருந்து வந்தது.

அதைவிடப் பெரிய வழக்கு முக்கோணத்தால் வந்தது. கூரை ஏறி, ஓடு வேய்ந்து, எல்லாம் முடிந்த பிறகு வடக்கே பார்த்தால் ஆகாயம் தெரிந்தது. தெற்கே பார்த்தாலும் தெரிந்தது. அப்பா கொத்தனாரைக் கேட்டார். "சுவர் மட்டம் வரைக்கும்தானே அண்ணாச்சி எனக்குப் பேச்சு? அதுக்கு மேல கூரை. கூரைன்னா ஆசாரி" என்றார். ஆசாரியைக் கேட்டார். "மரம்னா நான். செங்கல் எங்கே இருந்தாலும் அது கொத்தனார் சோலி" என்றார். இருவரும் சொன்னது நியாயம். சுவருக்கும் கூரைக்கும் நடுவில், அடி 20, உயரம் ஏழரை என்று இரண்டு முக்கோணங்கள் ஆளில்லாமல் நின்றன.

அது சின்ன சமாசாரமும் அல்ல. ஒரு முக்கோணம் 75 சதுர அடி, இரண்டும் சேர்ந்து 150. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் சுமார் 1600 செங்கல். சரிவு நெடுகக் கல்லைச் சாய்வாக வெட்ட வேண்டியிருப்பதால் சேதாரம் வேறு. சாரம் முகடு வரைக்கும் உயர வேண்டும். அந்த வருஷம் பணம் இல்லை. பனையோலைத் தட்டி கட்டி அடைத்தோம். ஆடியில் சாரல் தட்டி வழியே வந்து நடுவீட்டில் நின்று நலம் விசாரித்தது. மறு வருஷம் அறுப்பு முடிந்து நெல் விற்ற பிறகுதான் செங்கல் வந்தது. அந்தச் செலவை அப்பா வீட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீடுதான் போன வருஷமே முடிந்துவிட்டதே!

மூவாயிரம் என்ற கூரைக்கு ரொக்கமாக மட்டும் ஐயாயிரத்தை ஒட்டிப் போயிற்று. ஆனாலும் அப்பா கடைசி வரைக்கும், கேட்டவர்களிடமெல்லாம், "மூவாயிரத்துல போட்ட கூரை" என்றே சொன்னார். அம்மா அடுக்களையிலிருந்து, "எத்தனை கோட்டை நெல்லு வெந்து எறங்குச்சுன்னு அவுகளைக் கேளு" என்பாள், எங்களிடம் சொல்வதாக. அந்தக் கூரைக்கு உண்மையான கணக்கு வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம் யாரும் எஸ்டிமேட் கேட்கவில்லை.

இடையில் ஒரு யுகம் போயிற்று. ஓட்டு வீடு என்றால் பெண் கொடுக்க யோசிக்கிற காலம் வந்தது. ஊரில் ஒவ்வொரு வீடாகக் கான்கிரீட்டுக்கு மாறியது; எங்கள் வீடும் இடிபட்டது. ஓட்டை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பழைய சாமான் வியாபாரிக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தோம். தொல்லை விட்டது என்று நினைத்தோம். அதே இடத்தில் 20-க்கு 30, தட்டையான தட்டட்டி. வெயில் பகலெல்லாம் கான்கிரீட்டுக்குள் இறங்கி ராத்திரியெல்லாம் எங்கள் மேல் இறங்கியது. சில வருஷத்தில் மழையும் அதே பாதையைக் கண்டுபிடித்துக்கொண்டது. கெமிக்கல் பூசினோம், ஓடு பதித்தோம், மறுபடியும் பூசினோம். கடைசியில் ஊர் முழுக்க எடுத்த முடிவை நாங்களும் எடுத்தோம்: தட்டட்டிக்கு மேலே ஒரு சரிவுக் கூரை. கான்கிரீட் போட முடியாத காலத்தில் இருந்த கூரைக்கு, கான்கிரீட் போட்ட பிறகு தனியாகச் செலவு செய்யும் வசதி எங்களுக்கு வந்திருந்தது.

முதலில் ஓடே போடலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். பழைய கொல்லத்து ஓடு குற்றாலத்து ரிசார்ட்டுகளுக்குப் போகிறது என்றார் வியாபாரி. நாங்கள் தள்ளிவிட்ட சாமான் இப்போது பாரம்பரியம் ஆகிவிட்டதால் விலையும் பாரம்பரிய விலை. புது ஓட்டுக்கும் வழி குறுகிவிட்டது. கேரளத்தில் வயல் மண்ணைத் தொடுவது 2008-ல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு லேசில் நடக்கிற காரியம் இல்லை. பல சூளைகள் புகைவதை நிறுத்திவிட்டன. கைமரத்துக்குப் பனை? பனை நம் மாநில மரம். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு சொல்லிவிட்டது. அப்பா எழுதாமல் விட்ட ஒன்பது பனைக்கு இன்று விலை போட வேண்டுமானால் மனு எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆக, இரும்பு ட்ரஸ், கலர் ஷீட் என்று முடிவாயிற்று.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் தம்பி வந்தார். லேசர் அளவுகோலைச் சுவரில் காட்டி நிமிஷத்தில் அளவு முடிந்தது. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எங்கள் வீடு முப்பரிமாணத்தில் சுழன்றது. சுற்றிலும் பச்சைப் புல்தரை, வாசலில் எனக்குச் சொந்தமில்லாத ஒரு சிவப்புக் கார். ஆகாயத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பின்னாலேயே கொட்டேஷன் வந்தது. தொகைகள் பைசா வரைக்கும் இருந்தன. சதுர அடிக்கு 260 ரூபாய், 600 சதுர அடி, மொத்தம் 1,56,000. ஏழு நாளைக்கு மட்டும் செல்லும். இரும்பு விலை தினமும் மாறுவதால்.

"தம்பி, இந்த அறுநூறு தரையா, கூரையா?"

"பில்டிங் ஏரியா சார்."

"பத்துக்கு ஏழரை ஏத்தி, எறவாரம் எறக்கினா 960 வருமே?"

தம்பி செல்போனில் தட்டிப் பார்த்தார். 960 வந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்து, "சார் நீங்க சிவிலா?" என்றார்.

"இல்லை. ஆசாரிக்குப் பலகை பிடிச்சவன்."

"இது பேஸிக் ரேட் சார். பில் எப்பவும் ஆக்சுவல் மெஷர்மென்ட்லதான் வரும்."

அதாவது விலை பேசுவது தரைக்கு, வசூலிப்பது வானத்துக்கு. ஆசாரி பலகையிலேயே 960 என்று எழுதிவிட்டார். தம்பி அதைக் கடைசிப் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடப் பாதி அளவில், நிபந்தனைகளில் மூன்றாவதாக வைத்திருந்தார்.

நான் அந்த நிபந்தனைப் பக்கத்தைத்தான் மனம் ஒன்றிப் படித்தேன். கீழ்க்கண்டவை இதில் அடங்கா: ஜி.எஸ்.டி., சாரம், சாமான் ஏற்றி இறக்கும் கூலி, கிரேன், தண்ணீர், மின்சாரம், மழைநீர்த் தகடு, பெயின்ட் டச்-அப், சிவில் வேலை. அப்பாவின் பலகையில் எழுதாமல் விட்டதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். ஒரே ஒரு வித்தியாசம். அப்பா எழுதாமல் விட்டது, தன்னிடம் ஏற்கெனவே இருந்ததை. கம்பெனி எழுதாமல் விடுவது, என்னிடம் இன்னும் மிச்சம் இருப்பதை.

இதற்கெல்லாம் படிப்பில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. சிவில் டிப்ளமா பிள்ளைகள் பலரும் புரட்டியிருக்கும் பி.என். தத்தாவின் மதிப்பீட்டுப் புத்தகம், எந்த எஸ்டிமேட்டிலும் எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சேர்க்கச் சொல்கிறது. அரசாங்க வேலைகளில் அந்த வரி தவறாமல் இருக்கும். தம்பியிடம் கேட்டேன். "சேத்தா ரேட் கூடிரும் சார். அடுத்த கம்பெனிக்காரன் சேக்க மாட்டான், ஆர்டர் அவனுக்குப் போயிரும்" என்றார். ஆசாரிக்கும் இதே காரணம்தான் இருந்திருக்க வேண்டும். முழுத் தொகையையும் முதல் நாளே சொன்னால் அப்பா வீடே கட்டியிருக்க மாட்டார். கூரை போட வைக்கிற தொகை ஒன்று, கூரைக்கு ஆகிற தொகை வேறொன்று. முதலாவதைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் வேலை கிடைக்கிறது.

வேலை ஆரம்பித்தது. ட்ரஸ் ஏறியது, பர்லின் ஓடியது, ஷீட் படிந்தது. 34 கைமரத்தை இழைக்க ஆசாரிக்குத் தேவைப்பட்ட காலத்தில் பாதிகூட மொத்த வேலைக்கும் ஆகவில்லை. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். வடக்கே ஆகாயம் தெரிந்தது. தெற்கேயும் தெரிந்தது.

"தம்பி, அந்த முக்கோணம்?"

"அது நம்ம ஸ்கோப்ல வராது சார். சிவில்."

கொத்தனாரைக் கூப்பிட்டேன். "ஷீட்டு வேலைன்னா அந்த ஓரமும் ஷீட்டுக்காரங்கதான் சார் அடைப்பாங்க. ட்ரஸ் மேல நான் எப்படிச் செங்கல் வைக்க?" அவர் சொன்னதும் நியாயம். அரை நூற்றாண்டில் எவ்வளவோ மாறிவிட்டது. முக்கோணத்தின் சாதி மாறவில்லை. அது அன்றைக்கும் யாருக்கும் சொந்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

"அப்படியே விட்டாலும் நல்லதுதான் சார். வென்டிலேஷன்" என்றார் தம்பி.

இங்கேதான் காற்று நினைவுக்கு வந்தது. தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. காற்றுக் கணக்கும் போட்டிருந்தார். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி 875-ன் மூன்றாம் பகுதி, எந்த ஊருக்கு எவ்வளவு காற்று என்று சொல்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் 39. எங்கள் ஊருக்கும் 39 எடுத்திருந்தார். மணிக்குச் சொன்னால் 140 கிலோமீட்டர். இரும்பின் கனமெல்லாம் அதற்கேற்பத்தான். ஆனால் காகிதத்தில் உள்ளே தள்ளும் காற்றுக்கு அவர் போட்டிருந்த எண், இரண்டு கோடியும் அடைத்த கட்டடத்துக்கு உரியது. கோடி திறந்து கிடந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழேயிருந்து தள்ளும்; மேலே போகிற காற்று அதே கூரையை மேலே உறிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். பலத்தைக் கணக்கிட்டபோது முக்கோணம் மூடியிருந்தது. விலையைக் கணக்கிட்டபோது திறந்திருந்தது.

பழைய கூரைக்கு இந்தக் கவலை குறைவு. ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 1400 ஓடு என்றால் மூன்றரை டன். அந்தக் கனமே கூரையைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் உள்ள இடுக்கில் காற்றும் கொஞ்சம் கசிந்து, உள்ளுக்கும் வெளிக்கும் சமாதானம் பேசும். இப்போதைய ஷீட் அதே 960 சதுர அடிக்கு நானூறு கிலோ அளவுக்குத்தான் வரும். இடுக்கும் கிடையாது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்க்ரூ. ஆசாரி கூரையைக் கனமாக்கிக் காற்றிடம் விட்டார். நாம் லேசாக்கிக் கட்டிப் போடுகிறோம்.

"உங்க கணக்குலயே மூடித்தானே தம்பி இருக்கு?" என்று காகிதத்தைக் காட்டினேன். படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பண்ணிரலாம் சார். சைடு கிளாடிங். அது எக்ஸ்ட்ரா ஐட்டம்" என்றார். 150 சதுர அடி, 120 ரூபாய் வீதம் 18,000.

கடைசி பில் வந்தது. 960 சதுர அடிக்கு 2,49,600. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 44,928. முக்கோணத்துக்கு 18,000. அதோடு சாரம், கிரேன், இறக்கு கூலி. மூன்று லட்சத்தை எப்போதோ தாண்டியிருந்தது. பில்லில் வராத ஒன்று இரண்டு மாசம் கழித்து வந்தது. வெல்டிங் எல்லாம் எங்கள் வீட்டு மீட்டரில் ஓடியதால் 500 யூனிட்டைத் தாண்டி, மின்கட்டணம் மேல் படிக்கு ஏறிவிட்டது. மின்சாரம் எங்கள் பொறுப்பு என்று நிபந்தனைப் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. என் மனைவி அந்த ரசீதையும், வேலையாட்களுக்குப் பால் வாங்கிய கணக்கையும் ஒன்றாக மடித்து அடுக்களை டப்பா ஒன்றில் வைத்திருக்கிறாள். அம்மாவுக்குப் பிறகு அந்தப் பதவி காலியாக இல்லை.

கூரை நன்றாகத்தான் வந்திருக்கிறது. மேகாத்து சரிவில் ஏறிப் போய்விடுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எதிர்வீட்டுத் தம்பி அவர் வீட்டுத் தட்டட்டிக்கும் இப்படி ஒன்று போட நினைக்கிறாராம். வந்து விசாரித்தார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. எவ்வளவு சொன்னாங்க?"

சொன்னதைத்தானே கேட்கிறார். "ஒண்ணரை லட்சத்துச் சொச்சம்" என்றேன். உள்ளே டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவுதானா என்று கம்பெனி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற மனுஷனை நிறுத்தி, "பேசும்போது ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. ரெண்டு கோடியிலயும் முக்கோணம் இருக்குல்லா, அதை யாரு அடைக்கிறதுன்னு" என்றேன்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க அண்ணாச்சி."